மறை கழன்றது யாருக்கு?

முழங்கால் வலிக்கு மாத்திரையைக் குறைத்துவிட்டு, "தினம் அரை மணி நேரம் சைக்கிள் மிதியுங்க" என்று டாக்டர் சொன்னார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். 1972-ல் வேலையில் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரை ஆபீசுக்குச் சைக்கிளிலேயே போய் வந்தவன் நான். அந்தப் பழைய 22 இஞ்ச் சைக்கிளை, வாசலில் துருப்பிடித்து நிற்கிறது என்று, நான் இல்லாத நேரம் பார்த்து வீட்டம்மா பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டாள். அதற்குப் பதிலாக இரண்டு பாத்திரம் வந்தது என்று பிறகு தெரிந்தது. அந்தக் கதை வேறு.

சென்னையில் இருக்கும் மகன் செல்போனிலேயே புது சைக்கிள் வாங்கி அனுப்பினான். வந்தது ஓர் அட்டைப் பெட்டி. மேலே "85 விழுக்காடு பொருத்தப்பட்டது" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. மீதி 15 விழுக்காடு நான்.

உள்ளே சட்டம், சக்கரங்கள், ஹேண்டில்பார், சீட், ஒரு பிளாஸ்டிக் உறையில் இரண்டு பெடல்கள், மெல்லிய தகரத்தில் வெட்டிய ஸ்பேனர் ஒன்று, எல் வடிவச் சாவி மூன்று, ஒரு சிறு புத்தகம். 24 பக்கம், ஆறு மொழி. ஆங்கிலம் முதலில். பிரெஞ்சு 14-ம் பக்கத்தில். தமிழ் இல்லை. சீன எழுத்தும் இருந்தது, அரபு எழுத்தும் இருந்தது. முத்தியால்பேட்டைக்கு வரும் பெட்டியில் யாருக்காக அவை என்று தெரியவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். "நான் படிக்கிறேன் சார், நீங்க பொருத்துங்க" என்று திண்ணையில் உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். ஹேண்டில்பார் ஆயிற்று, சீட் ஆயிற்று. பெடலுக்கு வந்தோம். "இரண்டு பெடல்களையும் கடிகார முள் திசையில் திருகி இறுக்கவும்" என்று படித்தார்.

வலது பெடல் வெண்ணெய் மாதிரி ஏறியது. இடது பெடல் பிடிக்கவே இல்லை. பெடலின் தலையில் 'எல்' என்று எழுத்து வெட்டியிருந்தது, இடது பக்கம்தான் வைத்தேன். முள் திசையில் எத்தனை சுற்று சுற்றினாலும் சும்மா சுழன்றதே தவிர உள்ளே போகவில்லை.

பெடலில் இரும்பில் வெட்டியிருக்கிறது ஓர் எழுத்து, தாளில் அச்சாகியிருக்கிறது ஒரு வரி. இரண்டில் ஒன்று தப்பு. நாங்கள் இருவரும் சேர்ந்து எதை நம்பினோம் என்கிறீர்கள்? தாளைத்தான். எழுபது வயது தாண்டிய இரண்டு ஆபீஸ்காரர்கள் வேறெதை நம்புவார்கள்! "தொழிற்சாலையில எழுத்தை மாத்தி அடிச்சிட்டான் சார். இந்தப் பக்கத்தை அந்தப் பக்கம் மாத்துங்க" என்றார் மேலாளர். வலது பெடலைக் கழற்றி இடது பக்கம் வைத்தேன். கொஞ்சம் பிடித்தது. ஸ்பேனரைப் போட்டு அழுத்தினேன். கிறீச் என்றது. "ஏறுது, ஏறுது, விடாதீங்க" என்றார். ஏறியது. இடது பெடலையும் இதே மாதிரி பலவந்தமாக வலது பக்கம் ஏற்றினோம். வெற்றி என்று காப்பி குடித்தோம்.

மாலையில் தெருமுனை தாண்டுவதற்குள் இடது பெடல் காலோடு வந்துவிட்டது. செருப்புப் போட்ட கால் காற்றில் மிதிக்க, நான் வலது பக்கமாகச் சாய்ந்து ஒரு காய்கறி வண்டியின் மேல் விழுந்தேன். முழங்கையில் சிராய்ப்பு. கத்திரிக்காய்க்கு 40 ரூபாய் கொடுத்தேன். பக்கத்தில் ஒரு வேன் வந்திருந்தால் இதை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சைக்கிள் கடைத் தம்பி பார்த்தான். பத்தாவது வரை தமிழில் படித்தவன். "இன்னா சார் இது, ரெண்டு பக்கமும் மறை கழண்டு போச்சே! எவன் சார் மாட்டுனது?" என்றான். நான் பேசவில்லை. மறை கழன்றவன் யார் என்ற கேள்விக்கு அந்த இடத்தில் இரண்டு பதில் இருந்தது.

அவன் சொன்னதை இங்கே அப்படியே எழுதுகிறேன், வாங்கி மாட்டப்போகிறவர்களுக்கு உதவும். சைக்கிளில் வலது பெடல் சாதாரண மறை. இடது பெடல் எதிர் மறை, கடிகார முள்ளுக்கு எதிராகத் திருகினால்தான் இறுகும். காரணம் இருக்கிறது. நாம் மிதிக்கிற அழுத்தம் அச்சைச் சுற்றிச் சுற்றி வருகிறது. அந்தச் சுழற்சியில் பெடலின் அச்சு துளியளவாக எதிர்ப்பக்கம் நகரும். இடது பக்கமும் சாதாரண மறையே போட்டிருந்தால் மிதிக்க மிதிக்கத் தானே கழன்றுவிடும். அதற்காகவே அதை மாற்றி வெட்டுகிறார்கள். ஞாபகம் வைத்துக்கொள்ள ஒரு வழியும் சொன்னான். ஸ்பேனரைப் பெடலுக்கு மேலே நிமிர்த்தி நிறுத்தி, முன்சக்கரத்தின் பக்கம் தள்ளினால் இரண்டு பக்கமும் இறுகும், பின்சக்கரத்தின் பக்கம் தள்ளினால் இரண்டு பக்கமும் கழலும். இவ்வளவுதான். இரண்டு வரி. 24 பக்கத்தில், ஆறு மொழியில், இந்த இரண்டு வரிக்கு இடமில்லை.

இடமில்லை என்று சொன்னது தவறு. அன்று இரவு முழங்கைக்கு மருந்து போட்டுக்கொண்டே புத்தகத்தைப் புரட்டினேன். 14-ம் பக்கம், பிரெஞ்சு. இடது பெடல் என்று தனியாகப் போட்டு, 'சான்ஸ் ஆன்வேர்ஸ்', எதிர்த்திசையில், என்று தெளிவாக எழுதியிருந்தது! பிரெஞ்சில் எழுதினவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதினவன் ஒரு வரியை விழுங்கிவிட்டான்.

1954 நவம்பர் 1-ம் தேதி பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை ஒப்படைத்தபோது எனக்கு ஐந்து வயது. ஊர் மாறிய பிறகும் அப்பா என்னைப் பிரெஞ்சுப் பள்ளியில்தான் சேர்த்தார். பிரெவே வரை எல்லாமே பிரெஞ்சு. ஆங்கிலம் ஆபீசில் கோப்பைப் பார்த்துப் பார்த்துக் கற்றது. அந்தப் பிரெஞ்சால் என்ன பிரயோஜனம் என்று ஐம்பது வருஷமாக உறவுக்காரர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இப்போது பதில் கிடைத்தது. இடது பெடல் மாட்டலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள், ஒரு சைக்கிள் பெடலைச் சரியாக மாட்டப் பிரெஞ்சுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்றால், இந்த ஊரில் எத்தனை பேர் கால் தப்பும்?

அதற்காகப் பிரெஞ்சுப் பக்கங்கள் எல்லாம் வேதம் என்று நினைக்க வேண்டாம். மகன் தனியாக அனுப்பிய பின்விளக்குக்கு வேறு ஒரு தாள் வந்தது. அதில் பிரெஞ்சு, இயந்திரம் செய்த மொழிபெயர்ப்பு. ஆங்கிலத்தில் விளக்குக்கும் 'லைட்', கனமில்லாததற்கும் 'லைட்'. இயந்திரம் இரண்டாவதை எடுத்துக்கொண்டு 'லெழே' என்று போட்டுவிட்டது. ஆகவே அந்தத் தாளின் தலைப்பு "இலேசான பின்புறம்". கீழே, நட்டை இறுக்கவும் என்பதற்கு 'எக்ரு' என்று வரவேண்டிய இடத்தில் 'நுவா' என்று வந்திருந்தது. நுவா என்றால் அக்ரூட் கொட்டை. "இலேசான பின்புறத்தை அக்ரூட் கொட்டையால் இறுக்கவும்" என்று நான் வாய்விட்டு மொழிபெயர்த்தேன். சமையலறையிலிருந்து வீட்டம்மா, "ஏங்க, என்ன கண்றாவி படிக்கிறீங்க?" என்று கேட்டாள்.

வேகம் காட்டும் சிறு கருவி ஒன்றும் கூட வந்தது. சக்கரத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் கொடுக்கச் சொன்னது அதன் தாள். 28 இஞ்ச் சக்கரத்துக்கு 711 என்று கொடுத்தேன். எவ்வளவு மூச்சு வாங்க மிதித்தாலும் மணிக்கு 4 கிலோமீட்டருக்கு மேல் ஏறவில்லை. என் வயதை நினைத்து ஒரு வாரம் மனம் சோர்ந்து இருந்தேன். பிறகுதான் புரிந்தது, அது கேட்டிருக்க வேண்டியது சுற்றளவு. 3.14-ஆல் பெருக்கி 2232 கொடுத்ததும் 12-க்கு ஏறினேன்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. பிரேக் அப்படியல்ல.

அந்த 24 பக்கப் புத்தகத்தின் ஆங்கிலப் பக்கத்தில் "வலது பிடி முன் பிரேக்". பிரெஞ்சுப் பக்கத்தில் "இடது பிடி முன் பிரேக்". பெடல் விஷயத்தில் பட்டவன் என்பதால் உடனே ஆங்கிலத்தைச் சந்தேகித்தேன். விசாரித்தால் இரண்டுமே சரி! இங்கிலாந்து வழக்கம் ஒன்று, பிரான்ஸ் முதலான ஐரோப்பிய நாடுகளின் வழக்கம் இன்னொன்று. சாலையில் இடப்பக்கம் போகிறவன் வலது பக்கம் திரும்ப வலது கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். அப்போது இடது கையில் இருப்பது பின் பிரேக்காக இருப்பது நல்லது என்று காரணம் சொல்வார்கள். நம் ஊர்ச் சைக்கிள்களில் இங்கிலாந்து வழக்கம்தான். 1972 முதல் என் கைக்கு அதுதான் பழக்கம்.

சரி, இப்போது என் வாசலில் நிற்கிற சைக்கிளில் எது? அதை மட்டும் ஆறு மொழியிலும் காணோம். முன்சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றிவிட்டு இடது பிடியை அழுத்தினேன். நின்றது. அதாவது இது ஐரோப்பாவுக்குப் போக வேண்டிய சைக்கிள். வலது கையைக் காட்டிக்கொண்டு பழக்கத்தில் இடது பிடியை அழுத்தியிருந்தால் முன்சக்கரம் சட்டென்று நிற்க, நான் ஹேண்டில்பாருக்கு மேலே பறந்திருப்பேன். கடைத் தம்பி பத்து நிமிடத்தில் கம்பிகளை மாற்றிக் கொடுத்தான்.

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தேன். ஹிந்திக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு. இருபது நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் மரியாதையாகப் பேசினாள். பெடல் மறை கெட்டுப்போனது வாடிக்கையாளர் தவறாம், உத்தரவாதத்தில் வராதாம். புத்தகத்தில் இருக்கும் வரியைப் படித்துக் காட்டினேன். "அது பொதுவான வழிகாட்டல் மட்டும் சார். நீங்க வீடியோ பாத்திருக்கணும்" என்றாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. அவளுக்கும் யாரோ ஒரு தாள் எழுதிக் கொடுத்திருப்பார்கள்.

என் கோபம் வேறு இடத்தில். நான் கீழ்நிலை எழுத்தராக இருந்தபோது ஒரு சுற்றறிக்கை தட்டச்சு செய்தேன். நிரந்தரம் அல்லாத ஊழியர்களைப் பற்றியது. ஆங்கிலத்தில் 'நான்-பர்மனென்ட்' என்பதில் 'நான்' விழுந்துவிட்டது. ஸ்டென்சிலில் ஏறி, சைக்ளோஸ்டைல் ஆகி, 32 அலுவலகங்களுக்குப் போய்விட்டது. மறுநாள் நிரந்தர ஊழியர்கள் எல்லாம் கொதித்து எழுந்து எங்கள் வராந்தாவில் நின்றார்கள். கண்காணிப்பாளர் என்னைக் கூப்பிட்டு, "நான் விழுந்தது யாராலே?" என்று கேட்டார். "நான்தான் சார்" என்றேன். எனக்கு ஒரு குறிப்பாணை, 32 இடத்துக்கும் திருத்தம், அதில் என் சுருக்கொப்பம். அரசாங்க ஆபீசைப் பற்றி நீங்கள் ஆயிரம் குறை சொல்லலாம், நானே இரண்டாயிரம் சொல்வேன். ஆனால் போன தாள் தப்பு என்றால் அதன் பின்னாலேயே இன்னொரு தாள் போகும். யார் எழுதினார், யார் சரிபார்த்தார் என்று கோப்பில் இருக்கும். இந்தப் புத்தகத்தில் யாருடைய சுருக்கொப்பம் இருக்கிறது?

எல்லோரும் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். பெட்டியில் வரும் அந்தப் புத்தகமும் சைக்கிளின் ஓர் உதிரிபாகம்தான். பிரேக் கட்டை உடைந்து வந்தால் மாற்றித் தருகிறான். வரி உடைந்து வந்தால் "பொதுவான வழிகாட்டல்" என்கிறான். பொருத்தும் வேலையில் 15 விழுக்காட்டை என் தலையில் கட்டித் தன் கூலியை மிச்சம் பிடித்தவன், அந்த வேலையைச் செய்ய எனக்குக் கொடுத்த ஒரே கருவி அந்தத் தாள். அதை எழுதினவர் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கையில் ஸ்பேனரோடு தரையில் உட்கார்ந்து தான் எழுதினபடி செய்து பார்த்திருந்தால் போதும். இடது பெடல் அவரையும் காப்பாற்றியிருக்கும்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 84. தீங்கு வராமல் சரியாகப் பயன்படுத்தப் போதுமான அறிவுரை பொருளோடு இல்லையென்றால் தயாரிப்பாளர் பொறுப்பு என்கிறது. படித்ததும் துள்ளினேன். பழைய பழக்கத்தில் சொற்பொருள் விளக்கப் பிரிவையும் புரட்டினேன். 'தீங்கு' என்பதில் அந்தப் பொருளுக்கே ஏற்பட்ட சேதம் சேராது என்று இருக்கிறது. ஆக, கிராங்கின் மறை போனால் இந்தப் பிரிவில் கேள்வியில்லை, என் கால் போனால்தான் கேள்வி.

மொழிக்கு வருவோம். பொட்டலப் பொருள்களுக்கான 2011-ம் வருஷத்து எடை அளவு விதிகளின்படி, கட்டாய விவரங்கள் தேவநாகரி ஹிந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் போதும். வேறு மொழியைக் கூடுதலாகப் போட்டுக்கொள்ளத் தடையில்லை. தடையில்லை! எவ்வளவு பெருந்தன்மை பாருங்கள். அதுவும் விலை, எடை, தயாரிப்பாளர் முகவரி முதலியவற்றுக்குத்தான். பிரான்சில் 1994 ஆகஸ்ட் 4-ம் தேதிச் சட்டம் ஒன்று இருக்கிறது. கலாசார அமைச்சராக இருந்த ழாக் தூபோன் பெயரில் தூபோன் சட்டம் என்பார்கள். பயன்படுத்தும் முறை, 'மோத் தாம்ப்ளுவா', பிரெஞ்சில் இருந்தே ஆக வேண்டும் என்று அதில் வெளிப்படையாக எழுதியிருக்கிறது. அந்த மனிதரின் பெயரையே ஆங்கிலமாக்கி 'ஜாக் ஆல்குட்' என்று அந்த ஊர்க்காரர்கள் கேலி செய்தார்கள். செய்யட்டும். என் பெட்டியில் 14-ம் பக்கம் இருந்ததற்கு அந்தச் சட்டமும் ஒரு காரணம் என்பது என் ஊகம். புதுச்சேரியில் தமிழ் ஆட்சிமொழி என்று 1965-லேயே சட்டம் போட்டோம். அது கோப்புக்கு. வாசலில் வந்து இறங்கும் அட்டைப் பெட்டிக்கு ஒன்றுமில்லை.

"யார் சார் இப்ப தமிழ்ல படிக்கிறாங்க?" என்று மேலாளர் கேட்டார். அவருக்குப் பதிலாக ஒரு பையனைக் காட்டுகிறேன். எங்கள் தெருவில் இஸ்திரி போடும் அம்மாவின் மகன், எட்டாவது படிக்கிறான். அவனுக்கும் பெட்டியில் ஒரு சைக்கிள் வந்தது, தவணையில். ஒரு நாள் காலையில் என்னைத் தாண்டிப் போனான். என்னவோ உறுத்தியது. கூப்பிட்டுப் பார்த்தேன். முன் ஃபோர்க் பின்புறமாகத் திரும்பியிருந்தது. பெட்டிக்குள் அடங்குவதற்காக ஃபோர்க்கைத் திருப்பி வைத்திருப்பார்கள். அதை நேராக்காமல் அப்படியே ஹேண்டில்பாரை மாட்டிவிட்டார்கள். ஓட்டலாம், ஓடும். ஆனால் வளைவில் கால் நுனி சக்கரத்தில் இடிக்கும், பள்ளத்தில் விழுந்தால் எங்கே கொண்டுபோய்ப் போடும் என்று சொல்ல முடியாது. அவன் பதினைந்து நாளாக அதில்தான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான், தங்கையைக் கேரியரில் வைத்துக்கொண்டு.

"புஸ்தகம் குடுத்தாங்களேடா?" என்றேன். அந்த அம்மா இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவிட்டு, "குடுத்தாங்க அய்யா. தமிழ்ல இருந்தா நான் படிச்சு சொல்லியிருப்பேன். படத்தைப் பார்த்து மாட்டுனோம்" என்றாள். அவள் வாரப் பத்திரிகை ஒன்று விடாமல் படிப்பவள். எங்கள் வீட்டுப் பழைய இதழ்கள் எல்லாம் அவளிடம்தான் போகும். மேலாளர் அப்புறம் ஒன்றும் பேசவில்லை.

கடைத் தம்பி ஃபோர்க்கைத் திருப்பிக் கொடுத்தான், காசு வாங்கவில்லை. எனக்கு மட்டும் இரண்டு பக்கக் கிராங்க், புதுப் பெடல், கூலி எல்லாம் சேர்த்து 1,350 ரூபாய் ஆயிற்று. நிறுவனத்துக்குப் பொருள், பார்வை எல்லாம் போட்டு முறைப்படி ஒரு கடிதம் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒப்புகை அட்டை வந்தது. பதில் வரவில்லை.

சும்மா இருக்க முடியாமல் கோடு போட்ட தாளில், பெரிய எழுத்தில், தமிழில் எட்டு வரி எழுதினேன். தலைப்பு "பெட்டியில் சைக்கிள் வாங்கியவர்கள் கவனிக்க". பெடல், ஃபோர்க், பிரேக் மூன்று மட்டும். கடைச் சுவரில் ஒட்டச் சொல்லித் தம்பியிடம் கொடுத்தேன். அவன் உடனே ஒட்டவில்லை. தரையில் ஒரு சைக்கிளைச் சாய்த்துவைத்து, ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொண்டு, என் தாளை ஒவ்வொரு வரியாகப் படித்தபடி செய்து பார்த்தான். நான் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வரியில் நிறுத்தினான்.

"சார், இங்க 'இடது'ன்னு வரணும். 'வலது'ன்னு போட்டிருக்கீங்க."

வாங்கிப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து அடித்துத் திருத்தினான். பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டுக் கொடுத்தேன்.